இடக்கைக் கதாநாயகன்

வெருலத்தில் பல்பு போனது.
சுண்டுவிரல் நுனி அளவுதான்,
பிலிமின் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டைப் படிக்கிற பல்பு.
கதாநாயகி வாயைத் திறந்தாள்.
ஜெனரேட்டர் பாடியது.

பத்து சென்ட்டைத் திருப்பிக் கேட்டார்கள். நியாயம்தான்.
மூனியா நாயுடுவின் கார்னிவலில் அன்று மிச்சம்:
கழுத்தொடிந்த இரண்டையும் சேர்த்து ஒன்பது மரக்குதிரைகள்,
மேலே போனால் யோசித்து யோசித்து இறங்கும் ராட்டினம்,
எத்தனை வளையம் எறிந்தாலும் யாருக்கும் கிடைக்காத சோப்புகள்,
என் பஞ்சுமிட்டாய் இயந்திரம்,
பதினொரு பாட்டுள்ள ஒரே ஒரு தமிழ்ப் படம்.

"சாலாச்சி, உனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்தானே?"
மூன்று மாதமாக இரவெல்லாம் கேட்டவளுக்கு
பாடகர் எச்சில் விழுங்கும் இடம்கூடத் தெரியும்.
ஆண்குரலுக்கு டிக்கெட் கிழிக்கிற பூபாலன்.
அவனுக்குத் தமிழ் படிக்க வராது.
நான் சொல்லச் சொல்ல
சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில்
இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டான்,
ழகரம் வந்த இடத்திலெல்லாம் ஒரு சுழி போட்டு.

டொங்காட்டில் முதல் இரவு.
திரைக்குப் பின்னால் நாங்கள், நடுவில் ஒரே மைக்.
அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் மாறியிருந்தது.
கதாநாயகன் இடக்கையால் கடிதம் எழுதினான்.
அவள் மச்சம் வேறு கன்னத்தில்.
ரயில் வந்த வழியே போனது.
அவர்கள் வாயசைத்தார்கள்,
அரை மாத்திரை தாமதமாக நாங்கள் காதலித்தோம்.

கரும்பு எரிக்கிற மாதம்.
வானத்திலிருந்து கறுப்புக் கீற்றுகள் இறங்கின,
திரைமேல், குதிரைகளின் பிடரிமேல்,
என் மிட்டாயின் ரோஸ் நிறத்தின்மேல்.
தட்டிவிட்டுத் தின்றார்கள் பிள்ளைகள்.
தட்டாமலும் தின்றார்கள்.

ரீல் மாற்றும் இடைவெளியில் பூபாலன் கேட்டான்:
"இந்த 'நாணம்'னா என்னா?"
இங்கிலீஷில் எனக்குச் சொல்ல வரவில்லை.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
"ஓ, சரி சரி" என்றான்.

ஸ்டாங்கரில் கூட்டம் பொங்கியது.
படம் பார்க்க அல்ல,
திரையின் அடியில் தெரிந்த எங்கள் நாலு கால்களைப் பார்க்க.
வட்டிக்காரருக்கு நாயுடு முதல்முறையாக நாற்காலி போட்டார்.
ஆனாலும் வாராவாரம் கேட்டார்,
"ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பல்பு வந்துதா?"
தபாலாபீசுக்குப் போய்வருகிறவன் பூபாலன்.
"இல்லை அங்கிள்."

டார்னலில் பத்து மணியோடு பர்மிட் முடியும்.
போலீஸ் வேன் வேலியோரம் நின்று கைக்கடிகாரம் பார்க்கும்.
கடைசிப் பாட்டின் கடைசி வரியில் இருந்தோம்.
முசா ஜெனரேட்டரை அணைத்துவிட்டான்.
திரையில்லை, அவர்கள் இல்லை, மைக் இல்லை.
பாட்டு மட்டும் எங்கள் வாயில் மிச்சம் இருந்தது.
அதை முடிக்காமல் அவனைக் கட்டிக்கொண்டேன்.

நொறுங்கியது ஏதோ,
அவன் சட்டைப்பைக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில்.

"என்னது?"
"பல்பு."
"எப்ப வந்துது?"
"டொங்காட்டில."

பத்தொன்பது நாள்.
என் மிட்டாய்க் காகிதத்திலேயே சுற்றி வைத்திருந்தான் திருடன்.
கண்ணாடித் தூளை இருட்டில் கையால் தடவிப் பொறுக்கினோம்.
ஒரு துணுக்கு என் காறையெலும்பின் கீழ் தங்கிவிட்டது.

நாயுடுவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.
அந்தக் குளிர்காலத்தோடு குதிரைகள் விலைபோயின, ஒடிந்தவையும்.
பல்பு இருந்திருந்தாலும் போயிருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்,
பாதி நாள் நம்புவேன்.

வெகுகாலம் கழித்து டர்பனில்
அதே படத்தை ஒரு தியேட்டரில் போட்டார்கள்.
குரலும் உதடும் கச்சிதமாகப் பொருந்தின.
வலக்கையால் கடிதம் எழுதினான் ஒருவன்.
யாரோ. எனக்கு அவனைத் தெரியாது.
பக்கத்து இருக்கையில் மட்டும்
அரை மாத்திரை தாமதமாக ஒரு முணுமுணுப்பு,
ழகரத்தில் தடுக்கித் தடுக்கி.

முன்வரிசைக்காரர் திரும்பி
"ஷ்" என்றார்.